பூட்டிய பக்கங்கள்

இடம் சிறிது, அதனை வேண்டுவோர் பலர். உலகத்துப் பிணக்குகள் பலவற்றுக்கும் மூலகாரணம் இதுவேயாகும். மனிதன் ஆக்கிய கணினியின் உள்ளேயும் இப்பிணக்கு உண்டு. வங்கிகளின் பேரேடுகளையும் பெரு நிறுவனங்களின் சம்பளக் கணக்குகளையும் ஏந்திநிற்கும் பெருங்கணினிகளில் இதனைத் தீர்த்துவைக்க அறிஞர் கண்ட வழி ஒன்று உண்டு. அதற்கு மாய நினைவகம் என்று பெயர். அவ்வழிக்கு ஒரு விலக்கும் உண்டு. நினைவகத்தின் பக்கங்களை அவை கிடக்கும் இடத்திலேயே பூட்டிவைத்தல் அவ்விலக்காகும். அத்தொழிலில் ஈடுபட்டோர் அதனைப் 'பேஜ் பிக்ஸ்' என்று ஆங்கிலச் சொல்லாலேயே வழங்குவர். இவ்விலக்கு இல்லையேல் பெருங்கணினி ஒரு நாழிகையும் இயங்காது; விலக்கு மிகுந்துவிட்டாலோ விதியே அழிந்துபோம். இவ்விரண்டுக்கும் நடுவிலே நிற்கும் அளவு யாது என்பது ஆராயத்தக்கது.

பொருளை எளிதில் விளங்கிக்கொள்வதற்கு ஒரு நூல்நிலையத்தை மனத்தில் அமைத்துக்கொள்ளலாம். அலுமாரிகளிலே பல்லாயிரம் நூல்கள் உள்ளன. வாசிப்பு மேசையிலோ ஒரு சில நூல்களுக்கே இடம் உண்டு. வாசகர் ஒருவர் ஒரு நூலைக் கேட்கிறார். நூலகர் அதனை எடுத்துவந்து மேசைமேல் வைக்கிறார். மேசை நிறைந்துவிட்ட பின்னர் வேறொருவர் மற்றொரு நூலைக் கேட்பாராயின், நெடுநேரமாக எவரும் தொடாத நூல் ஒன்றை நூலகர் அலுமாரிக்குத் திருப்பிவிட்டு, அந்த இடத்திலே புதிய நூலை வைக்கிறார். இங்கே ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு அடையாளங்கள் இருத்தலைக் காணலாம். பட்டியலிலே உள்ள எண் ஒன்று. மேசையில் அது கிடக்கும் இடம் மற்றொன்று. பட்டியல் எண் என்றும் மாறாது. மேசையிலுள்ள இடமோ மாறிக்கொண்டே இருக்கும். வாசகர் பட்டியல் எண்ணை மட்டும் அறிந்தாற் போதும். இடத்தை அறிதல் நூலகரின் பொறுப்பு.

கணினியிலும் முறை இதுவே. வாசிப்பு மேசை என்பது மெய் நினைவகம். அலுமாரிகள் என்பன காந்த உருளையும் காந்தத் தட்டும். நூல் ஒவ்வொன்றும் ஒரு பக்கம். நூலகராய் நின்று ஏவல் செய்வது பணிசெயல் முறைமை என்னும் தலைமைச் செய்நிரல். பட்டியல் எண்ணை மாய முகவரி என்றும், மேசையிலுள்ள இடத்தை மெய் முகவரி என்றும் கூறுவர். செய்நிரல் எழுதுவோன் மாய முகவரியை மட்டுமே அறிவான். அதனை மெய் முகவரியாக நொடிக்கு நொடி மாற்றித் தருவது பொறியின் கடமை.

இம்முறையை நடைமுறையிலே முதன்முதல் நிலைநாட்டிய பெருமை இங்கிலாந்தின் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சாரும். அங்கே ரொம் கில்பேண் என்னும் அறிஞரின் தலைமையிலே, பெரான்ரி நிறுவனத்தின் துணையோடு உருவாகிய அற்லஸ் என்னும் கணினி 1962ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் தொடக்கிவைக்கப்பட்டது. அதன் காந்த வளைய நினைவகத்திலே 16,384 சொற்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் 48 இருமக் குறிகள் கொண்டது. அதற்குத் துணையாக நின்ற காந்த உருளைகளிலோ 98,304 சொற்களை வைக்கலாம். வளைய நினைவகம் விரைவுடையது, விலை மிக்கது. உருளை தாமதமுடையது, விலை குறைந்தது. அதுவரை எப்பகுதியை எப்பொழுது உருளையிலிருந்து கொணர்வது, எதனைத் திருப்பி அனுப்புவது என்பதைச் செய்நிரல் எழுதுவோரே தம் கையால் வகுத்துவந்தனர். அது பெருஞ் சுமை. கில்பேண் குழுவினர் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக நினைவகத்தைப் பிரித்து, அச்சுமையைப் பொறியின் மேலேயே ஏற்றினர். செய்நிரல் எழுதுவோனுக்கு வளையமும் உருளையும் ஒரே நினைவகமாகத் தோன்றின. அதனால் அம்முறைக்கு ஒருதள நினைவகம் என்று அவர்கள் பெயரிட்டனர்.

அற்லஸ் கணினியின் வளைய நினைவகத்திலே 32 பக்கங்கள் இருக்கலாம். அவ்விடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பதிவேடு இருந்தது. இவ்விடத்திலே இப்பொழுது இன்ன பக்கம் உள்ளது என்பதை அது காட்டும். அப்பதிவேட்டிலே மேலும் ஓர் இருமக் குறி சேர்க்கப்பட்டிருந்தது. உருளைக்கோ பிற புறக் கருவிகளுக்கோ ஒரு பக்கத்திலிருந்து தரவு பெயர்ந்துகொண்டிருக்கும் வேளையில், செய்நிரல் அப்பக்கத்தைத் தொடாதவாறு தடுப்பது அக்குறியின் பணி. பக்கங்கள் இடம்பெயரும் என்னும் எண்ணம் பிறந்த அன்றே, பெயர்ச்சியின் நடுவிலே நிற்கும் பக்கத்துக்குக் காவல் வேண்டும் என்னும் எண்ணமும் உடன்பிறந்தது என்பதற்கு அச்சிறு குறியே சான்றாகும்.

வணிக உலகிலே மாய நினைவகம் வேரூன்றுவதற்கு மேலும் பத்தாண்டுகள் சென்றன. ஐக்கிய அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சிஸ்ரம் 360 என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அக்குடும்பத்திலே 67ஆம் மாதிரி ஒன்றே முகவரி மாற்றும் உறுப்பை உடையதாக 1965இல் அறிவிக்கப்பட்டது. 1970இல் வந்த சிஸ்ரம் 370 கூடத் தொடக்கத்தில் மெய் நினைவகத்தை மட்டுமே நம்பியிருந்தது. 1972ஆம் ஆண்டு ஆகஸ்ற் 2ஆம் நாளிலேதான் அக்குடும்பம் முழுவதற்கும் மாய நினைவகம் உண்டு என்று அந்நிறுவனம் அறிவித்தது. அக்கணினிகளின் முகவரி 24 இருமக் குறிகள் நீளமுடையது. எனவே ஒரு செய்நிரல் காணத்தக்க வெளி 16,777,216 பைற்றுகள் ஆயிற்று. அது 4,096 பைற்றுகள் கொண்ட 4,096 பக்கங்களுக்குச் சமம். 1974இல் எம்.வி.எஸ். என்னும் பணிசெயல் முறைமை வந்தபொழுது, பணி ஒவ்வொன்றும் இத்தகைய முகவரி வெளி ஒன்றைத் தனக்கே உரியதாகப் பெற்றது. ஆயின், கணினியினுள் மெய்யாகவே இருந்த நினைவகம் பல இடங்களில் ஒரு மெகாபைற்று அல்லது இரண்டு மெகாபைற்றேயாகும். ஒரு மெகாபைற்று என்பது 256 பக்கங்களுக்கான இடம். பத்துப் பணிகள் ஒருங்கே நடக்கும் கணினியிலே 40,960 பக்கங்களுக்கு உரிமை தரப்பட்டுள்ளது. இருக்கும் ஆசனங்களோ 256.

இத்தகைய வாக்குறுதி எவ்வாறு காப்பாற்றப்படுகின்றது? எந்தச் செய்நிரலும் தன் பக்கங்கள் அனைத்தையும் ஒரே வேளையில் கையாளுவதில்லை என்னும் இயல்பே அதனைக் காப்பாற்றுகிறது. ஒரு சிறு பொழுதை எடுத்துக்கொண்டால், ஒரு சில பக்கங்களையே அது திரும்பத் திரும்ப நாடும். அமெரிக்க அறிஞர் பீற்றர் டெனிங் 1968இல் இத்தொகுதிக்கு 'வேலைத் தொகுதி' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். எல்லாப் பணிகளின் வேலைத் தொகுதிகளும் மெய் நினைவகத்தில் அடங்கும்வரை யாவும் இனிது நடைபெறும். அடங்காதொழியின், ஒரு பணிக்கு வேண்டிய பக்கத்தைக் கொணர்வதற்காக மற்றொரு பணிக்கு வேண்டிய பக்கம் வெளியேற்றப்படும். அடுத்த நொடியில் அப்பணி தன் பக்கத்தைக் கேட்கும். கணினி முழுவதும் பக்கங்களைச் சுமந்து திரிவதிலேயே காலங்கழிக்கும். கணக்கு ஒன்றும் முடியாது. இந்த அலைக்கழிவின் காரணங்களையும் டெனிங் அதே ஆண்டில் விளக்கினார்.

ஒரு பக்கத்தைக் கொணர்தல் எவ்வளவு செலவுடையது என்பதை எண்களால் அறியலாம். சிஸ்ரம் 370 குடும்பத்தின் 158ஆம் மாதிரியிலே மையச் செயலியின் ஒரு சுற்று 115 நனோசெக்கனில் முடியும். அக்காலத்து 3330 என்னும் காந்தத் தட்டிலே எழுத்துத்தலை வேண்டிய இடத்துக்குச் செல்வதற்குச் சராசரியாக 30 மில்லிசெக்கன் வேண்டும். அந்நேரத்துள் செயலி இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுகளை முடித்துவிடும். பக்கம் இல்லை என்று கண்ட பணி அத்தனை நேரமும் காத்திருக்கும். செயலியோ வேறு பணிக்குச் சென்றுவிடும். சாதாரணமான பணி காத்திருப்பதால் பெருந் தீங்கு இல்லை. காத்திருத்தல் ஆகாத பணிகளும் உண்டு. அங்கேதான் பூட்டின் கதை தொடங்குகிறது.

மீண்டும் நூல்நிலையத்துக்குச் செல்லலாம். நூலகத்தின் பக்கத்து அறையிலே ஒரு படியெடுப்போன் அமர்ந்திருக்கின்றான் என்க. அவனுக்குப் பட்டியலைப் பார்க்கத் தெரியாது. 'மேசையில் நாலாவது இடத்திலுள்ள நூலிலே இவ்வரிகளை எழுது' என்று ஆணை கொடுத்துவிட்டால், சுவரிலுள்ள துளை வழியே கையை நீட்டி, நாலாவது இடத்தில் எது கிடந்தாலும் அதிலே எழுதிவிடுவான். அவன் எழுதிக்கொண்டிருக்கையில் நூலகர் நாலாவது இடத்து நூலை அலுமாரிக்கு அனுப்பி, வேறொருவருடைய நூலை அங்கே வைத்துவிட்டால் என்னாகும்? ஒருவருக்குரிய கணக்கு மற்றொருவர் ஏட்டில் ஏறிவிடும். எழுதியவன் அறியான், ஏட்டுக்கு உரியவரும் அறியார்.

பெருங்கணினியிலே அப்படியெடுப்போனுடைய இடத்தில் இருப்பது சனல் என்னும் துணைப்பொறி. தட்டிலிருந்தும் நாடாவிலிருந்தும் தரவைப் படிப்பதும் அவற்றில் எழுதுவதும் அதன் தொழில். மையச் செயலியை எதிர்பாராது அது தானே இயங்கும். பெருங்கணினியின் வலிமைக்கே அது ஒரு காரணம். ஆயின், சிஸ்ரம் 370 கணினிகளின் சனலுக்கு மாய முகவரி விளங்காது. அதற்குத் தரப்படும் கட்டளைகள் யாவும் மெய் முகவரியிலேயே இருத்தல் வேண்டும். கட்டளை தொடங்கிய கணத்திலிருந்து முடியும் கணம்வரை அம்முகவரியிலுள்ள பக்கம் அசையாதிருத்தலும் வேண்டும். அசைந்துவிட்டால், சம்பளப் பதிவு ஒன்று யாரோ ஒருவருடைய வைப்புக் கணக்கின் மேல் எழுதப்படலாம். நினைவகத்தின் பகுதிகளுக்குக் காவற்சாவி எண்கள் உண்டாயினும், எம்.வி.எஸ். முறைமையிலே சாதாரணப் பணிகள் அனைத்தும் பொதுவாக எட்டாம் எண் சாவியையே உடையன. ஆகவே அக்காவலும் இத்தவற்றைப் பிடித்துத் தராது. எச்சரிக்கை மணி ஒன்றும் ஒலியாது. பிழை நேர்ந்தது என்பதே நாட்கள் பல சென்ற பின்னர்தான் ஒரு வாடிக்கையாளரின் முறைப்பாட்டால் தெரியவரும். அப்பொழுது காரணத்தைத் தேடிக் காண்பது அரிதினும் அரிது.

இக்கேட்டைத் தடுப்பதற்காகப் பணிசெயல் முறைமை ஓர் ஒழுங்கைக் கைக்கொள்கிறது. ஒரு செய்நிரல் 'இத்தரவைப் படித்துத் தருக' என்று வேண்டும்பொழுது, முறைமை முதலில் அத்தரவுக்குரிய பக்கங்களை மெய் நினைவகத்துக்குக் கொணர்கிறது. அடுத்து அவற்றைப் பூட்டுகிறது. பின்னர் மாய முகவரியில் எழுதப்பட்ட சனற் கட்டளைகளைப் படியெடுத்து, அப்படியிலே மெய் முகவரிகளைப் பொறிக்கிறது. மாய வெளியில் அடுத்தடுத்து நிற்கும் இரு பக்கங்கள் மெய் நினைவகத்திலே ஒன்றுக்கொன்று தொலைவில் இருத்தல் கூடும். அதற்காக ஒவ்வொரு பக்கத்தின் மெய் முகவரியையும் ஒரு நிரலாக எழுதிச் சனலின் கையிற் கொடுக்கிறது. இவ்வளவும் முடிந்த பின்னரே சனல் ஏவப்படுகிறது. பணி முடிந்தது என்று சனல் அறிவித்ததும் பூட்டு அவிழ்க்கப்படுகிறது. ஒவ்வொரு படிப்புக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் இச்சடங்கு முழுவதும் நடைபெறும்.

பூட்டு வேண்டியதற்கு இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு. அது சிறிது விநோதமானது. மேசையில் இல்லாத நூலை எடுத்துவருவதற்கு நூலகர் தம் கைப்பட்டியலைப் பார்த்தல் வேண்டும். அக்கைப்பட்டியலே அலுமாரிக்குப் போய்விட்டால் அதனைத் தேடித் தருபவர் யார்? பக்கங்களைக் கொணரும் செய்நிரற்பகுதியும் இத்தகையதே. அது தங்கியுள்ள பக்கம் வெளியேறிவிட்டால், அதனைக் கொணர்வதற்கு அதுவே வேண்டும், அதுவோ இல்லை. கணினி அந்நிலையிலேயே நின்றுவிடும். இதனால்தான் எம்.வி.எஸ். முறைமையின் உட்கருவும் அதற்குரிய முக்கிய அட்டவணைகளும் கணினி தொடங்கும் வேளையிலிருந்து நிறுத்தப்படும்வரை பூட்டப்பட்டே இருக்கின்றன. இடையீடுகளைத் தடுத்துவைத்துக்கொண்டு இயங்கும் பகுதிகளுக்கும் இதுவே விதி. இடையீட்டைக் கேளாமல் இருப்பவன் 'பக்கம் இல்லை' என்னும் இடையீட்டை மட்டும் எங்ஙனம் கேட்பான்?

மூன்றாவது காரணம் காலம். வங்கிகளிலே காசோலைகளைக் காந்த மையெழுத்தால் இனங்கண்டு பிரிக்கும் பொறிகள் உண்டு. காசோலை ஓடிக்கொண்டே இருக்கும். அதன் எண்ணைப் படித்த பின்னர், அது எந்தப் பெட்டியில் விழவேண்டும் என்பதைக் குறித்த ஒரு சிறு பொழுதுக்குள் கணினி கூறிவிடல் வேண்டும். அவ்வேளையிலே வேண்டிய பக்கம் தட்டிலே கிடக்குமாயின், அது வந்து சேர்வதற்குள் காசோலை பெட்டியைக் கடந்துவிடும். ஒதுக்குப் பெட்டியில் விழும். பின்னர் மனிதக் கையால் அதனை எடுத்துப் பார்க்கவேண்டி நேரும். இத்தகைய பணிகளுக்குரிய பக்கங்களும் பூட்டப்பட்டன. சில பணிகள் முழுவதுமே மாய முகவரியும் மெய் முகவரியும் ஒன்றாக இருக்கும் தனி இடத்திலே நடத்தப்பட்டன. அவ்விடத்துப் பக்கங்கள் பணி முடியும்வரை ஒருசிறிதும் பெயரா.

பூட்டுதற்குரிய ஆணையும் அவிழ்த்தற்குரிய ஆணையும் எண்ணிக்கை முறையால் அமைந்தவை. ஒரு பக்கத்தை ஒருவர் பூட்டினால் அதன் கணக்கு ஒன்று. அதே பக்கத்தை மற்றொருவரும் பூட்டினால் இரண்டு. ஒருவர் அவிழ்க்கும்பொழுது கணக்கில் ஒன்று குறையும். கணக்குச் சூனியமாகும் வேளையிலேதான் பக்கம் விடுதலை பெறும். இம்முறை எளியது, ஆயின் நேர்மையை வேண்டுவது. அவிழ்க்க மறந்தவனுடைய பக்கம், கணக்கு ஒருபொழுதும் சூனியமாகாமையால், வீணே கிடக்கும். அவனுடைய முகவரி வெளி முழுவதும் மூடப்படும்பொழுது அவனுக்கே உரிய பக்கங்கள் மீளும். எல்லாப் பணிகளுக்கும் பொதுவான பகுதியிலே பூட்டியவையோ, உரியவன் சென்ற பின்னரும், கணினியை மீளத் தொடக்கும்வரை பூட்டியபடியே இருத்தல் கூடும். தன் முறைக்கு மேலாக ஒருமுறை அவிழ்த்தவனோ இன்னும் பெரிய தீங்கைச் செய்கிறான். அவன் அவிழ்த்தது தன் பூட்டையன்று; பிறன் பூட்டை. அப்பிறனுடைய தரவு பெயர்ந்துகொண்டிருக்கும் வேளையிலேயே பக்கம் காவலை இழந்துவிடும். மறதி இடத்தைக் கெடுக்கும்; அவசரம் உண்மையையே கெடுக்கும்.

பூட்டிய பக்கம் ஒவ்வொன்றும் பொது மேசையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட ஒரு துண்டு என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். விளக்கத்தின் பொருட்டு 256 பக்கங்களுக்கு இடமுள்ள ஒரு கணினியை வைத்துக்கொள்வோம். பணிசெயல் முறைமையின் உட்கருவுக்கு 80 இடங்கள் போகட்டும். ஆறு பணிகள் நடக்கின்றன. ஒவ்வொன்றும், வேண்டும்போது இருக்கட்டும் என்று, 20 பக்கங்களைப் பூட்டிவைத்துக்கொள்கிறது. ஆகப் பூட்டியவை 120, எஞ்சியவை 56. ஒவ்வொரு பணிக்கும் பூட்டியவை நீங்கலாக மேலும் 15 பக்கங்கள் இடையறாது வேண்டுமெனின், தேவை 90. 56 ஆசனங்களிலே 90 பேர் அமர முடியாது. அலைக்கழிவு தொடங்கும். உண்மையிலே ஒவ்வொரு பணியும் பூட்டவேண்டியவை ஐந்து பக்கங்கள் மட்டுமே என்று கொள்வோமாயின், பூட்டியவை 30, எஞ்சியவை 146. 90 பேரும் அமரலாம், இடமும் மிஞ்சும். கணினி அதுவே, பணிகளும் அவையே. வேறுபட்டது பூட்டியோரின் மனப்பான்மை ஒன்றே. தன் பணி விரைவாக நடத்தல் வேண்டும் என்று எண்ணி மிகையாகப் பூட்டியவனுடைய பணியும், ஏனையோர் பணிகளுடன் சேர்ந்தே நின்றுபோதல் கவனிக்கத்தக்கது.

இதனை அறிந்தே, எம்.வி.எஸ். முறைமையை அமைத்தோர் பூட்டும் உரிமையை எல்லோர்க்கும் அளிக்கவில்லை. முறைமையின் நம்பிக்கையைப் பெற்ற செய்நிரல்களே அவ்வாணையை இடலாம். பெயரக்கூடிய இடங்கள் அருகிவிட்டால், முறைமையின் வளங்களைக் கண்காணிக்கும் பகுதி கணினியை இயக்குவோருக்கு எச்சரிக்கை விடுக்கும். பெரும் இடத்தைப் பிடித்திருக்கும் பணிகளை வெளியேற்ற முயலும். பூட்டுவோன் மேலும் ஒன்றைச் சொல்லவேண்டும்: இப்பூட்டு நெடும்பொழுதுக்கா, குறும்பொழுதுக்கா? செக்கன் கணக்கிலே நீடிக்குமாயின் அது நெடும்பூட்டு. அதற்கும் தக்க காரணம் உண்டு. பெருங்கணினியிலே மெய் நினைவகத்தின் ஒரு பகுதியை, ஏனைய பகுதிகள் இயங்கிக்கொண்டிருக்கும்பொழுதே, பழுதுபார்ப்பதற்காகக் கழற்றிவைத்தல் கூடும். நெடும்பூட்டுப் பூண்ட பக்கங்கள் கழற்றப்படாத பகுதியிலே வைக்கப்படல் வேண்டும். குறும்பொழுது என்று கூறிவிட்டு நெடும்பொழுது வைத்திருப்பவன், அப்பகுதியைக் கழற்றமுடியாதபடி செய்துவிடுகிறான். ஒரு பக்கத்தைப் பற்றிய ஒரு சிறு பொய், கணினி முழுவதையும் பராமரிக்கும் வேலைக்குத் தடையாகிவிடும்.

ஆண்டுகள் பல சென்றன. 1983இல் முகவரியின் நீளம் 31 இருமக் குறிகள் ஆயிற்று. 2000இல் 64 குறிகள் ஆயிற்று. மெய் நினைவகத்தின் விலை வீழ்ந்தது. 2022இல் வந்த செட் 16 என்னும் ஐ.பி.எம். பெருங்கணினி 40 ரெராபைற்று வரை மெய் நினைவகம் கொள்ளவல்லது. மேசை இவ்வாறு அகன்றுவிட்ட பின்னர் பூட்டின் நியாயமும் மாறியது. டீ.பி.2 என்னும் தரவுத்தள முறைமை தட்டிலிருந்து படித்த பக்கங்களை இடைத்தேக்கம் என்னும் நினைவகப் பகுதியிலே வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு படிப்புக்கும் எழுத்துக்கும் அப்பக்கங்களைப் பூட்டுவதும் அவிழ்ப்பதும் முன்னே கூறிய சடங்கின்படி நடந்துவந்தன. பணம் எடுப்போரும் செலுத்துவோரும் பெருகப் பெருக, இச்சடங்குக்கே செயலியின் உழைப்பில் ஒரு பங்கு செலவாயிற்று. 2004இல் வெளிவந்த டீ.பி.2 எட்டாம் பதிப்பு ஒரு புதிய தெரிவை அளித்தது. இடைத்தேக்கத்துப் பக்கங்களை ஒருமுறை பூட்டிவிட்டு நெடுங்காலம் அவ்வாறே வைத்திருக்கலாம் என்பது அது. இடம் அரிதாய் இருந்த காலத்திலே நெடும்பூட்டு ஊதாரித்தனமாகக் கருதப்பட்டது. இடம் மலிந்து உழைப்பு விலையுயர்ந்த காலத்திலே அதுவே சிக்கனமாயிற்று.

ஆயினும் பழைய விதி செத்துவிடவில்லை. இடைத்தேக்கத்தை நெடும்பூட்டிலே வைக்க விரும்புவோர், அத்தேக்கம் முழுவதற்கும் போதிய மெய் நினைவகம் உண்டா என்பதை முதலில் உறுதிப்படுத்தல் வேண்டும். அத்தேக்கத்தை ஓயாது நாடுகின்றார்களா என்பதையும் பார்த்தல் வேண்டும். ஒரு நாளில் ஓரிருமுறை மட்டும் தொடப்படும் தேக்கத்தைப் பூட்டிவைப்பதால் உழைப்பும் மிஞ்சாது, இடமும் வீணாகும். அகன்ற மேசையும் முடிவுடைய மேசையே. அதனைச் சுற்றி அமர்வோர் தொகையும் அதனோடு கூடவே வளர்ந்திருக்கிறது.

தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். மாய நினைவகம் பலர்க்கு நிறைவான இடத்தைத் தருவது, யாரும் எந்த இடத்தையும் என்றைக்கும் தமக்கே உரியதென்று கொள்ளாமையினால். பூட்டு அக்கொள்கைக்கு மாறானது போலத் தோன்றினும், அதன் பகையன்று. தரவு பெயர்ந்துகொண்டிருக்கும் அக்கணத்திலே பக்கத்தை அசையாது நிறுத்தி, ஒருவர் கணக்கு மற்றொருவர் ஏட்டில் ஏறாது காப்பது அதுவே. காக்கவேண்டியதைக் காக்கும் அளவுக்கும், காக்கவேண்டிய பொழுது வரைக்கும் மட்டும் அப்பூட்டு இருத்தல் வேண்டும். தேவையை உண்மையாகக் கூறுதல், எடுத்ததை எண்ணி எடுத்தல், முடிந்தவுடன் தானே முன்வந்து விடுவித்தல் ஆகிய மூன்றும் பூட்டுவோனுடைய கடமைகள். இம்மூன்றும் செவ்வனே நடைபெறும் இரவிலே, மாத இறுதிக் கணக்குகள் விடியுமுன் முடிகின்றன. மறுநாட் காலையில் தம் சம்பளம் சரியாக வந்திருத்தலைக் காண்போர், தமக்காக எந்தப் பக்கம் எந்தப் பொழுதிலே பூட்டப்பட்டுப் பின் அவிழ்க்கப்பட்டது என்பதை அறியவே தேவை இல்லை.